துணியும் கொழுப்பும்

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கூறும் பாடநூல்கள், கொழுப்புத் தடவிய தோட்டாவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால், தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு? வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான், மாணவர்கள் இவ்வினாவை எழுப்பவேண்டும் என்று விரும்புகிறேன்.

அக்காலத் துப்பாக்கிகளில் குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் கெட்டிப்பார்கள். ரைபிள் என்பதன் குழலுக்குள் திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்று வெளிப்பட்டால்தான் குறி தப்பாது. பள்ளங்களை நிரப்பும் அளவுக்குக் குண்டு பருத்திருந்தால் வாய்வழியே உள்ளே செல்லாது. சிறுத்திருந்தாலோ பள்ளங்களைப் பற்றாது. இச்சிக்கலைத் தீர்த்தது ஒரு சிறு துண்டுத் துணி!

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீண்ட ரைபிள்களில், குழலினும் சற்றுச் சிறிய குண்டைத் துணியில் பொதிந்து இட்டனர். துணி பள்ளங்களில் அழுந்தி, மருந்தின் ஆவி கசியாமல் தடுத்தது, குண்டையும் சுழற்றியது. நெருக்கமாக நெய்த பருத்தி அல்லது லினன் துணியே இதற்கு ஏற்றது. சுட்டபின் கீழே விழுந்த துணியே தேர்வுத்தாள். அது கருகியோ கிழிந்தோ இருந்தால், அத்துணி பொருந்தவில்லை என்பது பொருள்.

எண்ணெயோ கொழுப்போ தடவினால் குண்டு எளிதில் இறங்கும். கருமருந்தின் கரியும் இளகும். வெயிலில் உருகும் கொழுப்பைத் தேன்மெழுகு சேர்த்து இறுக்குவதும் உண்டு. 1800-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற பேக்கர் ரைபிளின் அடிக்கட்டையில், கொழுப்புத் தடவிய துண்டுகளை வைப்பதற்கென்றே பித்தளை மூடியிட்ட சிறு பெட்டி இருந்தது.

பின்னர், பிரெஞ்சு அதிகாரி மினியே, சுடும்போது விரிந்து பள்ளங்களைப் பற்றும் குண்டை அமைத்தார். தனித் துணி தேவையற்றதாயிற்று. ஆயினும் கொழுப்பின் தேவை நீங்கவில்லை. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளில், குண்டைச் சுற்றிய கொழுப்புத் தாளே துணியின் பணியைச் செய்தது. அத்தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே அன்றைய பயிற்சிமுறை.

1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மில், அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு எழுந்தது. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருசாராரும் கலங்கினர். விரும்பிய நெய்ப்பொருளைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அரசினர் இசைந்தனர். கையால் கிழிக்கவும் அனுமதித்தனர். ஐயம் கொழுப்பை விட்டுத் தாளின் பளபளப்பைப் பற்றிக்கொண்டது! ஏப்ரல் 24 அன்று மீரட்டில் வழங்கப்பட்டவை பழைய தோட்டாக்களே. ஆயினும் குதிரைப்படையினர் 85 பேர் அவற்றைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் கிளர்ச்சி வெடித்தது.

கிளர்ச்சிக்கு நாடுபிடிக்கும் ஆசை, நிலவரி, சிப்பாய்களின் மனக்குறை எனக் காரணங்கள் பல. 1806-இல் வேலூரிலும் புதிய தலைப்பாகையின் தோற்சின்னம் இவ்வாறே சினத்தைக் கிளறியதன்றோ? குழலுக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்தவர்கள், அதைக் கையாளும் மனிதனுக்கு எது பொருந்தும் என்று முன்னரே கேட்டிலர். நம்பிக்கை கெட்டபின் தந்த சலுகை பயன்படவில்லை. மாணவர்களே, சிறு பொருளுக்கும் 'எதற்கு?' என்று கேளுங்கள். பெரிய நிகழ்ச்சிகள் தாமே விளங்கும்.