துப்பு

பேருந்து நிலையத் தூணில் ஒட்டியிருக்கும் ‘தேடப்படும் குற்றவாளி’ சுவரொட்டியில் முகம் மாறும், பெயர் மாறும். அடியில் இருக்கும் வரி மட்டும் அநேகமாக மாறாது: துப்புக் கொடுப்போருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும்.

இந்தத் ‘துப்பு’ பழைய சொல். சங்கப் பாடல்களில் அதற்கு வலிமை என்றும் பவளம் என்றும் பொருள். 12-ஆவது குறளில் அதுவே உணவு. ஒற்றர்களுக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அங்கே ‘ஒற்று’ என்ற சொல்லைத்தான் ஆள்கிறார். ‘துப்பிருந்தா செஞ்சு காட்டு’, ‘துப்புக் கெட்டவன்’ என்று பேச்சில் வரும்போது பழைய வலிமைப் பொருளே இன்றும் ஒலிக்கிறது. தடயம், உளவுச் செய்தி என்ற பொருளை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் துப்பறியும் நாவல்களுக்குப் பெரும் பங்குண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறிவாளர் திகம்பர சாமியாரைத் தெரியாத வாசகர் அந்தக் காலத்தில் குறைவு.

புகைப்படம் வருமுன் தேடப்படுபவனின் அடையாளம் பறையடித்தும் தண்டோரா போட்டும்தான் ஊருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஊரே அவன் பக்கம் நின்றால்? சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை இருப்பதாகச் சொல்லி மைசூர் வரிப்பணத்தைப் பறித்ததாகப் பேசப்படும் தீரன் சின்னமலையை, ஆங்கிலேயரால் எளிதில் பிடிக்க முடியவில்லை. அவருடைய ஓடாநிலைக் கோட்டையைத் தகர்க்கப் படை வரும் சேதி, எதிரி முகாமிலிருந்த தோழரிடமிருந்து செருப்புக்குள் மறைந்து வந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கே துப்பு எதிர்த்திசையில் ஓடியது. கடைசியில் காட்டிக்கொடுத்தது வீட்டுச் சமையல்காரர் என்பதும் அதே வழக்கு. 1805 ஜூலை 31-இல் சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார்.

சுவரொட்டியின் முழு வீச்சைத் தமிழகம் கண்டது 1991-இல். ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், அதில் தேடப்பட்ட ‘ஒற்றைக்கண்’ சிவராசனின் படம் நாளிதழ், தொலைக்காட்சி, ரயில் நிலையம் என்று எங்கும் பரவியது. தமிழகத்தில் தலைகாட்ட முடியாமல் போனவர், ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டே வீட்டில் சுற்றிவளைக்கப்பட்டு இறந்தார்.

சந்தனக் கடத்தல் வீரப்பன் கதை வேறு. அந்த மீசையைப் பத்திரிகைப் படங்களில் பார்க்காதவர் இல்லை. தலைக்கு அறிவித்த தொகையும் ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் சத்தியமங்கலம் காடு வாய் திறக்கவில்லை. அதை விசுவாசம் என்று மட்டும் சொல்வது சரியாகாது. வீரப்பனிடம் அச்சம், அதிரடிப்படையிடமும் அச்சம், இரண்டுக்கும் நடுவில் மலைக்கிராமங்கள் நசுங்கின. 2000-இல் தாளவாடிப் பக்கம் கஜனூரிலிருந்து கடத்தப்பட்ட நடிகர் ராஜ்குமார் 108 நாள் காட்டில் இருந்தார். முடிவில் பலித்தது விளம்பரம் அல்ல, ஊடுருவல். 2004 அக்டோபர் 18 இரவு, கண் சிகிச்சைக்கென்று வீரப்பன் ஏறிய ஆம்புலன்ஸை ஓட்டியவர் காவலர். பாப்பாரப்பட்டி அருகே கதை முடிந்தது. உடலைப் பார்த்தவர்கள் இவர்தானா என்று தயங்கினார்கள். ஊரறிந்த அந்தப் பெரிய மீசை நறுக்கப்பட்டிருந்தது.

சுவரொட்டிக்கு முந்தைய அந்தத் தண்டோரா போடுவதை நிறுத்துமாறு 2022-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதம் எழுதினார். பறை தூக்கியவரின் மானம் சார்ந்த முடிவு அது, வரவேற்கத்தக்கது. ஆனால் ஊரறியச் சொல்லும் முறை சட்டத்தில் தொடர்கிறது. தலைமறைவானவர் ஆஜராகக் குறைந்தது 30 நாள் தவணை கொடுத்து நீதிமன்றம் பிறப்பிக்கும் பிரகடனத்தை, அவர் குடியிருக்கும் ஊரில் பலர் காண வாசித்து, வீட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு.