சாயப்பட்டறை நின்றால்

திருப்பூர் பனியன் தொழிலில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்துதல்), கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங் ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனி முதலாளியின் ஜாப் ஒர்க். சிறு முதலோடு வந்தவர்களும் தொழில் தொடங்க இதுவே வழிவிட்டது. ஆனால் முந்தைய பட்டறை நின்றால் அடுத்ததற்கு வேலையில்லை.

2011-இல் அதுதான் நடந்தது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, அதன் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியிருந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், அந்த ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றை நம்பியவர்களுக்கு அது தாமதமாய்க் கிடைத்த நியாயம். ஆனால் திருப்பூரில் சாயமேறாத துணி தேங்கியது; தையல்காரர்கள் வேலையிழந்தார்கள்; துணி வெளிமாநிலங்களுக்குச் சாயத்துக்குப் போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரையும் உப்பையும் மீட்கும் வகையில் மேம்படுத்தப்பட்ட பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.