30 கிலோவும் 2 மணித்தியாலமும்

எங்கட குசினியில் வேலை செய்யும் பெடியன் ஒருத்தன் போன கிழமை ஊருக்குப் போனான். முதல்நாள் இரவு, "அண்ணை, ஒருக்கா வந்து சூட்கேசை அடுக்கித் தாங்கோ" என்று கூப்பிட்டான். ஏ9 பாதை மூடப்பட்ட 2006இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டே எடுத்த பட்டம், 'பெட்டி அடுக்குபவர்'.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாரமானவை சில்லுப் பக்கம். உடுப்புகளை மடிக்காமல் சுருட்டவேண்டும். சப்பாத்துக்குள் காலுறை. காசு, நகை, மருந்து, பத்திரம் எல்லாம் கைப்பையில். அவனுடைய ரிக்கற்றில் 30 கிலோ. தராசு 34 காட்டியது. "சொக்கிலேற்றை எடுத்தா அக்கான்ர பிள்ளையள் கோவிப்பினம்" என்று கிட்டத்தட்ட அழுதான்.

சூட்கேசுக்குச் சில்லு வந்தது அண்மைக் கதைதான். அமெரிக்கரான பேர்னாட் சடோ 1970இல் விமான நிலையத்தில் ஒரு தொழிலாளி பாரமான இயந்திரத்தைச் சில்லுப் பலகையில் தள்ளிப்போவதைக் கண்டு அந்த யோசனையைப் பிடித்தார். 1972இல் காப்புரிமை கிடைத்தது. இன்று நாங்கள் நிமிர்த்தி இழுக்கிற பெட்டியை 1987இல் செய்தவர் றொபேர்ட் பிளாத் என்ற விமானி.

எங்கட ஊரில் பெட்டிகள் இப்படிச் சில்லில் ஓடவில்லை. 1995 ஒக்டோபர் 30 பின்னேரம், வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு அப்போது 14 வயது. அம்மா ஒரு மண்ணிறச் சூட்கேசில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், இரண்டு கொத்து அரிசி, ஆளுக்கொரு மாற்றுடுப்பு வைத்தார். அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, மழைக்குள், செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். இலட்சக்கணக்கில் சனம். இதை நாங்கள் ஒவ்வொரு ஒக்டோபரிலும் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சூட்கேஸ் எங்களுடையதல்ல.

1990இலும் அதே ஒக்டோபர் 30ஆம் திகதிதான். யாழ் நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். உடுப்பும் சொற்பப் பணமும் மட்டுந்தான் கொண்டுபோகலாம். வழியில் பைகளைச் சோதித்து நகைகளையும் பறித்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் 70,000இற்கும் மேல். பலர் புத்தளத்து முகாம்களிலேயே கிழவர்களானார்கள்.

அடுத்த வருசம் அப்பா எங்கேயோ மலிவு விலைக்கு அந்தச் சூட்கேசை வாங்கிவந்தார். மூடியின் உட்பக்கத்தில் ஒரு பிள்ளையின் நேரசூசி ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் பாடம் 'இஸ்லாம்'. அம்மா ஈரத்துணியால் ஊறவைத்து அதை உரித்தெடுத்தார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கியிருந்தது.

இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து, சைக்கிள் தாங்கிற அளவுக்குக் கட்டிக்கொண்டு போனோம். அடுத்த வருசமே பலர் திரும்பியும் வந்தோம். அவர்களிடம் எதைக் கொண்டுபோகலாம் என்று கணக்குச் சொன்னவர்கள் எங்கட ஆட்கள். பயணப்பெட்டியின் வரலாற்றில் நான் படித்த பாடம் இதுதான்: எவ்வளவு கொண்டுபோகலாம் என்று யார் சொல்கிறார் என்பதைப் பார்க்கவேண்டும். விமான நிறுவனம் சொன்னால் மேலதிகக் காசு கட்டலாம். துவக்கு வைத்திருப்பவன் சொன்னால் கட்ட ஒன்றும் இல்லை.

பெடியன் கடைசியில் சொக்கிலேற்றை வைத்துக்கொண்டு தன்னுடைய சப்பாத்துகளையும் ஜீன்சுகளையும் எடுத்துவிட்டான். 29.5 கிலோ. "அம்மாவுக்கு ஏதும் குடுக்கவோ அண்ணை?" என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அந்தச் சூட்கேஸ் இப்போதும் எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அது யாருடையது என்று தேட நான் ஒருநாளும் முயலவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.