நீரிழிவும் தாடையெலும்பு உள்வைப்பும்: விலக்கிலிருந்து காத்திருப்புக்கு

ஆய்வுச் சுருக்கம்

பற்களை இழந்தவர்களின் தாடையெலும்பில் டைட்டானிய வேரைப் பொருத்தும் மருத்துவம் 1965இல் தொடங்கியது. நீரிழிவு உடையோர் அம்மருத்துவத்திற்கு ஏற்றவர் அல்லர் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அக்கருத்து எவ்வாறு உருவானது, எத்தகைய சான்றுகளால் மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குருதிச் சர்க்கரையின் நீண்டகால நிலையையும் உள்வைப்பின் உறுதியையும் எண்களால் அளக்க முடிந்த பின்னரே, 'பொருத்தலாமா' என்ற வினா 'எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்' என்ற வினாவாக மாறியது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, உள்வைப்பு, எலும்பிணைவு, டைட்டானியம், இன்சுலின், எச்பிஏ1சி

முன்னுரை

நீரிழிவு பற்களைத் தாங்கும் ஈறுகளையும் எலும்பையும் பாதிக்கும் நோய். கட்டுப்பாடற்ற நீரிழிவில் ஈறு நோய் விரைந்து முற்றுவதால் பல்லிழப்பும் மிகுகிறது. பல் இழந்தவர் மெல்லுவதற்கு எளிய மாவுணவுகளை நாடுவதும், நார்ச்சத்து மிகுந்த காய்களையும் பயறுகளையும் தவிர்ப்பதும் இயல்பு. அவ்வுணவு மாற்றம் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கு உகந்ததன்று. உறுதியான செயற்கைப் பல் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது மறுக்கப்பட்டது என்னும் முரண் இவ்வரலாற்றில் காணப்படுகிறது. இம்மறுப்பின் அடிப்படையை ஆராய்வது இன்றைய மருத்துவ நடைமுறையைப் புரிந்துகொள்ளவும் துணைபுரியும்.

எலும்பிணைவின் தோற்றம்

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானெமார்க், 1950களில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எலும்பு மச்சையின் குருதியோட்டத்தை ஆராய்ந்துவந்தார். அதற்காக முயல்களின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன நோக்குக்கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அக்கூட்டை எளிதில் அகற்ற இயலவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு இறுகப் பற்றியிருந்தது. பின்னர் கோத்தன்பர்க் நகரில் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், 1965இல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானிய உள்வைப்புகளைப் பொருத்தினார். பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்துரைக்கும் நூல் 1977இல் வெளியானது. இவ்விணைப்பு 'ஆசியோஇன்டகிரேஷன்', அதாவது எலும்பிணைவு, என்று பெயர் பெற்றது. 1982இல் டொராண்டோவில் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டிற்குப் பின் வட அமெரிக்கப் பல் மருத்துவம் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

பிரானெமார்க்கின் முறையில் காலம் ஓர் இன்றியமையாக் கூறாக இருந்தது நோக்கத்தக்கது. உள்வைப்பைப் பொருத்தி ஈற்றால் மூடியபின், கீழ்த்தாடையில் 3 முதல் 4 மாதங்களும் மேல்தாடையில் ஏறக்குறைய 6 மாதங்களும் காத்திருந்த பின்னரே அதன்மீது பல் பொருத்தப்பட்டது. இக்கால அளவு இயல்பாக ஆறும் எலும்பைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டதாகும்.

விலக்கின் அடிப்படை

அதே டொராண்டோ நகரில்தான் 1921இல் ஃபிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலின் ஆய்வைத் தொடங்கினர். 1922இல் அது முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இன்சுலினுக்கு முன் நீரிழிவு உடையோருக்குச் சிறு அறுவையும் பேரிடராக இருந்தது. காயம் ஆறாமையும் தொற்றும் குறித்த அவ்வச்சம் இன்சுலின் வந்த பின்னரும் அறுவை மருத்துவத்தை விட்டு அகலவில்லை. 1988இல் அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமை மாநாடு, கட்டுப்படாத நோய்களையும் காயம் ஆறுவதைக் கடுமையாகக் குலைக்கும் நிலைகளையும் உள்வைப்புக்குத் தகாத நிலைகளுள் அடக்கியது. இவ்வரையறை கட்டுப்படாத நோயை மட்டுமே சுட்டியது. எனினும் எது கட்டுப்பாடு என்பதற்குப் பொது அளவு வேரூன்றாத காலத்தில், நோயின் பெயரே விலக்குக்குப் போதுமானதாயிற்று.

விலங்காய்வுகளும் இவ்வச்சத்திற்கு வலுவூட்டின. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் வேதிப்பொருளால் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து, எலிகளில் நீரிழிவு உண்டாக்கப்பட்டது. நெவின்ஸ், ஃபியோரெல்லினி முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய எலிகளில் எலும்பு உள்வைப்பைத் தொட்டுநிற்கும் பரப்பு குறைந்திருந்தது. 1999இல் வந்த அடுத்த ஆய்வு, இன்சுலின் அளித்தால் உள்வைப்பைச் சுற்றி எலும்பு உருவாதல் மிகுவதைக் காட்டியது. ஆயினும் தொடுபரப்பு நலமான எலிகளின் அளவை எட்டவில்லை.

இச்சான்றுகளின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். கணையச் செல்கள் அழிக்கப்பட்ட எலியின் நிலை முதல் வகை நீரிழிவை ஒத்தது. பல் மருத்துவரை நாடிவந்த முதியோருள் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவு உடையோர்; மருந்தும் உணவு முறையும் மேற்கொண்டு வந்தவர்கள்.

நோயாளிகளிடமிருந்து வந்த சான்று

இரண்டாம் வகை நீரிழிவு உடைய 89 ஆண்களுக்கு 178 உள்வைப்புகள் பொருத்தி ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2000இல் வெளிவந்தது. அவற்றுள் 16 உள்வைப்புகள், அதாவது 9 விழுக்காடு, தோல்வியுற்றன. நோய் நீடித்த ஆண்டுகளின் எண்ணிக்கையும் உள்வைப்பின் நீளமும் தோல்வியோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை நிலைத்தன என்பதால், முற்றான விலக்குக்கு இவ்வாய்வு இடமளிக்கவில்லை.

அதே ஆண்டில் மோரிஸ், ஓச்சி, விங்க்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறொரு பயனைத் தந்தது. அறுவைக்கு முன் எதிருயிரி மருந்து அளிப்பதும் அறுவைக்குப் பின் குளோரெக்சிடின் கரைசலால் வாய் கொப்பளிப்பதும், நீரிழிவு இல்லாதோரைவிட இரண்டாம் வகை நீரிழிவு உடையோருக்கே மிகுந்த பயன் அளித்தன. தோல்வியை எண்ணுவதோடு நில்லாமல் அதனைக் குறைக்கும் வழியையும் நாடும் போக்கு இங்குத் தெளிவாகிறது.

இரண்டு அளவுகோல்கள்

கருத்து மாற்றத்திற்கு வித்திட்டவை இரண்டு அளவுகோல்கள். முதலாவது எச்பிஏ1சி. நீரிழிவு உடையோரின் ஹீமோகுளோபினில் ஒரு மாறுபாடு இருப்பதை 1960களின் இறுதியில் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். 1976இல் அதற்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டது. முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையை இவ்வொரு எண் உணர்த்துகிறது. இரண்டாவது, 1990களில் நீல் மெரிடித் உருவாக்கிய ஒத்ததிர்வு முறை. உள்வைப்பை அதிரச்செய்து, அவ்வதிர்வெண்ணைக் கொண்டு அதன் உறுதியைத் தீங்கின்றி மீண்டும் மீண்டும் அளக்க இது உதவுகிறது.

உள்வைப்பு தொடக்கத்தில் பழைய எலும்பின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும். முதல் சில வாரங்களில் வெட்டுண்ட எலும்பு கரைய, உறுதி சற்றுக் குறையும். புதிய எலும்பு உருவானதும் மீண்டும் உயரும். மிகை சர்க்கரை எலும்பாக்கச் செல்களின் செயலைத் தளர்த்துகிறது, அழற்சியை நீட்டிக்கிறது, கொல்லாஜனோடு பிணைந்து எலும்பின் தரத்தையும் குறைக்கிறது.

டெக்சாசின் சான் அன்டோனியோவில் தாமஸ் ஓட்ஸ் தலைமையிலான குழு இவ்விரு அளவுகோல்களையும் இணைத்து ஆராய்ந்து, 2009இல் முதல் முடிவை வெளியிட்டது. எச்பிஏ1சி 8.1 விழுக்காடும் அதற்கு மேலும் உடையோரிடம் உறுதி கூடுதலாகக் குறைந்தது. தொடக்க நிலைக்குத் திரும்பவும் நீண்ட காலம் பிடித்தது. நூறு பேருக்கு மேல் பங்கேற்ற இக்குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், கீழ்த்தாடையில் 4 மாதக் காத்திருப்புக்குப் பின்னரே பல்தொகுதி பொருத்தப்பட்டது. ஓராண்டு முடிவில், கட்டுப்பாடு குறைந்தோரிடமும் நலமானோரிடமும் உள்வைப்புகள் ஏறக்குறைய முழுமையாக நிலைத்திருந்தன. உயர்ந்த சர்க்கரை ஆறுதலைத் தாமதப்படுத்தியது, தடுத்துவிடவில்லை.

முடிவுரை

நீரிழிவில் உள்வைப்பைச் சுற்றிய எலும்பின் ஆறுதலை மேம்படுத்தும் முயற்சிகள் இன்று பலவாகும். அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்புகளும் நீரை ஈர்க்கும் மேற்பரப்புகளும் எலும்பு பற்றுவதை விரைவுபடுத்த உருவாக்கப்பட்டுள்ளன. எனினும் மேற்கண்ட சான்றுகள் முதன்மையாக வலியுறுத்துபவை எளியவை: அறுவைக்கு முன் சர்க்கரைக் கட்டுப்பாடு, தொற்றுத் தடுப்பு, போதிய காத்திருப்பு. சில வாரங்களில், சில வேளை அன்றே, பல் பொருத்தும் விரைவு முறைகள் பரவிவரும் சூழலில், மூன்றாவதாகச் சுட்டப்பட்ட காத்திருப்பே எளிதில் கைவிடப்படக்கூடியது.

ஓராண்டு முடிவு வாழ்நாள் முடிவாகாது என்பதும் கருதத்தக்கது. மிகை சர்க்கரை நீடிப்போரிடம் உள்வைப்பைச் சுற்றிய ஈற்றழற்சியும் எலும்புத் தேய்வும் பின்னாளில் மிகும் வாய்ப்பு உண்டு. ஆகவே விலக்கு நீங்கியதைப் பொறுப்பு நீங்கியதாகக் கொள்ளலாகாது. நோயின் பெயரைக் கொண்டு மறுத்த காலம் மாறி, நோயாளியின் அளவைக் கொண்டு காலம் வகுக்கும் நிலை வந்துள்ளது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.