கற்குரங்கின் பிறப்புக் கதை

'மேற்றிசைப் பயணம்' என்னும் சீனப் பெருங்கதை 100 அதிகாரங்களால் இயன்றது. இன்று கிடைக்கும் பதிப்புகளுள் பழையது 1592இல் நாஞ்சிங் நகரில் வெளிவந்ததாகும். வூ செங்கன் என்பாரே ஆசிரியர் என்பது வழக்கு. ஆயின் அப்பதிப்பில் ஆசிரியர் பெயர் காணப்பெறவில்லை. இந்தியா போந்து 645இல் சீனம் மீண்ட யுவான் சுவாங்கின் யாத்திரையே கதைப்பொருள். எனினும் முதல் ஏழு அதிகாரங்களும் அத்துறவிக்கு உரியன அல்ல. சுன் வூகோங் என்னும் குரங்கிற்கே உரியன.

பூங்கனி மலையுச்சியில் ஒரு கல். அக்கல் வெடித்து ஒரு கல்முட்டை தோன்ற, அதனின்று குரங்கு பிறந்தது. அதன் கண்ணொளி வானுலகையே எட்டியது. அருவிக்குப் பின்னிருந்த குகையைக் கண்டு குரங்குகட்கு அரசாகியது. ஆசானை அடைந்து 72 உருமாற்றங்களைக் கற்றது. கடலரசனை மருட்டி 13,500 காட்டி நிறையுள்ள இரும்புத் தண்டைப் பெற்றது. மறலியின் ஏட்டில் தன் பெயரை அடித்தது. வானவர் அதனைக் குதிரைக் காப்பாளனாக அமர்த்தி அடக்கக் கருதினர். அஃது இழிந்த பணி என அறிந்து சினந்த குரங்கு, 'வானுக்கு நிகரான பேரறிஞன்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டது. ஈண்டு ஆசிரியரின் எள்ளல் வானுலக அரசியலையே சுடுகின்றது. பின்னர் அமரக் கனிகளைக் களவாடிய அது, புத்தரின் உள்ளங்கையைத் தாண்டமாட்டாது மலையடியில் 500 ஆண்டு சிறையுண்டது.

இவ்வரலாறு தொன்றுதொட்டு அதற்கு உரியதோ எனின், அன்று என்பதே நம் துணிபு. ஜப்பானியக் கோசான்ஜி மடத்தில் பேணப்பெற்றதும் 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறுவதுமான சிறு நூலொன்றில் இக்குரங்கு வெண்ணிற ஆடை உடுத்த கற்றோனாய் வந்து துறவியை எதிர்கொள்கின்றது. கனி திருடிய செய்தி ஆண்டு உண்டு; கல்லிற் பிறந்த செய்தி இல்லை. வளையம் பூண்ட தண்டும் வானரசன் அளித்த கொடையே. 1592ஆம் ஆண்டு நூலிலோ, வெள்ளம் தணித்த யூ மன்னன் நீராழம் அளந்த இரும்பே அத்தண்டு. யூவின் மகன் பிளந்த கல்லினின்று பிறந்தான் என்பதும் சீனப் பழங்கதை. எனவே வீரன் முதலில் தோன்ற, அவன் பிறப்பு பின்னர் யூவின் தொன்மத்தினின்று எடுத்து ஒட்டப்பெற்றது எனல் பொருந்தும்.

1923இல் ஹூ ஷி என்னும் அறிஞர் இதன் மூலத்தை அனுமனிடம் கண்டார். லூ சுன் அதனை ஏலாது, யூ மன்னன் காலத்தில் சங்கிலியாற் பிணிக்கப்பெற்றதாகத் தாங் காலக் கதை கூறும் வூஷிசி என்னும் நீர்க்குரங்கைச் சுட்டினார். அனுமன் என்றதும் நம்மவர் உள்ளம் உவத்தல் இயல்பே. ஆயினும் உதவும் குரங்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. கல்லிற் பிறந்த கள்வன் எங்கிருந்து வந்தான் என்பது வேறொரு வினா. முன்னதற்கு அனுமன் விடையாதல் கூடும், பின்னதற்கு ஆகான்.

சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அந்நகர்க் கையுவான் கோவிலின் மேற்குக் கோபுரத்தில் குரங்குமுக வீரன் ஒருவன் செதுக்கப்பெற்றுள்ளான். இரண்டையும் இணைத்து, தமிழ் வணிகரே அனுமனைக் கொண்டு சென்றனர் எனத் துணிதற்கு இடமில்லை. 1237இல் நிறைவுற்ற அக்கோபுரம் கல்வெட்டினும் 44 ஆண்டு முற்பட்டது. மேலும், அவ்வீரன் கையில் இருப்பது வாள். யூவின் இரும்புத் தண்டு அன்று அவன் கைக்கு வந்து சேரவில்லை.