வேலிக்குள் நிற்கும் மரம்

வேலிக்குள் நிற்கும் மரம் வீட்டுக்காரருக்கு உரியது. அதன் கிளையோ வேலியை அறியாது. முறிந்து விழும்போது அது உடையவர், அயலார் என்று வேறுபாடு பார்ப்பதும் இல்லை. ஆதலின், தனியார் நிலத்து மரத்தில் அரசாங்கம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்வி எழுகிறது. நம் நாட்டுச் சட்ட வரலாறு இதற்கு இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது.

முதல் விடை, மனித உயிரை முன்னிட்டது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பொதுத் தொல்லைகளை அகற்றும் அதிகாரத்தை 133ஆம் பிரிவின் வாயிலாக மாஜிஸ்திரேட்டுக்கு அளித்தது. அவர் பிறப்பிப்பது நிபந்தனை உத்தரவு. ‘செய்க, அன்றேல் செய்யாமைக்குக் காரணம் காட்டுக’ என்பதே அதன் சாரம். உத்தரவு நியாயமானதுதானா என்று ஆராய ஜூரிகளை அமர்த்துமாறு கோரும் உரிமையும் அன்று இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவின் எண்ணை மாற்றாமல், ஜூரி முறையை மட்டும் கைவிட்டது. விழக்கூடிய கட்டடத்தோடு விழக்கூடிய மரத்தையும் அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அண்டையில் வாழ்வோருக்கோ வழிச்செல்வோருக்கோ தீங்கு நேரும் என்று கண்டால், மரத்தை அகற்றவோ, முட்டுக்கொடுத்துத் தாங்கவோ மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். உடையவர் பணியாவிடின், அவரே அதைச் செய்வித்துச் செலவை வசூலிக்கலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இவ்வதிகாரம் தொடர்கிறது.

இரண்டாம் விடை, மரத்தின் உயிரை முன்னிட்டது. நகரங்கள் பெருகி நிழல் அருகியபோது, மகாராஷ்டிரம் 1975லும், கர்நாடகம் 1976லும், தில்லி 1994லும் மரப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. தில்லிச் சட்டத்தின்படி, சொந்த நிலத்து மரமேயானாலும் மர அதிகாரியின் முன் அனுமதியின்றி வெட்டலாகாது; மீறினால் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இவ்விரு விடைகளும் மோதும் இடம்தான் ஆபத்தான மரம். இங்கே தில்லிச் சட்டம் ஒரு நடுவழி கண்டது. உடனே வெட்டாவிடில் உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ பேராபத்து நேருமாயின், நில உரிமையாளர் அனுமதிக்குக் காத்திராமல் வெட்டலாம்; 24 மணி நேரத்திற்குள் மர அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். இந்த வாயில் அகலமானால், ஆபத்து என்ற பெயரால் நல்ல மரங்களும் வீழும். முற்றும் அடைபட்டால், உத்தரவு வருமுன் கிளை வந்துவிடும்.

ஆபத்து தானாகவே பிறப்பதும் அன்று. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் இட்டால் வேருக்கு நீரும் காற்றும் குறையும். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகையில் வேரை அறுத்தால் மரத்தின் பிடிப்புத் தளரும். அடுத்த புழுதிப் புயலில் அம்மரம் சாய்ந்தால், குற்றம் மரத்தினது ஆகுமா? தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது இக்காரணம் பற்றியே.

பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம்மில் பலர் வாடகைக்காரர்கள். ‘மரம் நமதன்று, மொழியும் நமதன்று’ என்று பேசாதிருந்து விடுகிறோம். ஆயின், மாஜிஸ்திரேட் செயற்படப் போலீஸ் அறிக்கைதான் வேண்டும் என்பதில்லை. வேறு வகையில் வரும் தகவலும் போதும் என்கிறது சட்டம். அத்தகவலைத் தர நில உரிமை தேவையில்லை. சாயும் மரத்தைக் கண்டவர் காலத்தில் சொன்னால், கீழே நடப்பவர் பிழைப்பார். முட்டுக் கிடைத்தால் சில வேளை மரமும் பிழைக்கும்.