காரணத்தை எழுதிக் கொடு!

குவாலியருக்கு மாற்றல் ஆகி வந்த புதிதில் என்னை அசர வைத்தது வெயிலோ, காலையிலேயே தின்னும் ஜிலேபியோ அல்ல. துப்பாக்கி! நம்ம ஊரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் கையில் இருப்பதுதான். அதையும் அவர் சுட்டு யாரும் பார்த்ததில்லை. சம்பல் பக்கம் அப்படியில்லை. கல்யாண ஊர்வலத்தில், மோட்டார் சைக்கிளில், டீக்கடையில் எல்லாம் தோளில் தொங்கும். லைசென்ஸ் வைத்திருப்பது ஒரு கௌரவம்.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் தானிய வியாபாரி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு நாள் வந்து, "மேனேஜர் சாப், நான் தினமும் ரொக்கம் கட்டுகிறேன் என்று ஒரு பேப்பர் வேண்டும்" என்றார். துப்பாக்கி லைசென்சுக்காம். ஆறு மாதக் கணக்கு விவரத்தை அச்சிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து முகம் வாடி வந்தார். விண்ணப்பம் தள்ளுபடி. ஏன் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவிலும் துப்பாக்கி விஷயமாக மக்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போகிறார்கள். ஆனால் ஒரு மசோதாவை ஆதரிக்கவோ எதிர்க்கவோ போகிறார்கள். 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தப் பள்ளி மாணவர்களே பஸ் ஏறித் தலைநகருக்குப் போய் உறுப்பினர்களைக் கேள்வி கேட்டார்கள். மார்ச் 9ஆம் தேதி, துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கும் சட்டம் கையெழுத்தானது. நம் நாட்டில் ஆயுதம் என்பது மத்தியப் பட்டியலில் உள்ள விஷயம். எம்.எல்.ஏ.வால் அந்தச் சட்டத்தில் ஒரு வரியையும் மாற்ற முடியாது. நாம் அவரிடம் போவது சட்டத்தை மாற்றச் சொல்லி அல்ல, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு போன் போடச் சொல்லி.

ஆனால் நாமும் ஒரு காலத்தில் சட்டத்தை மாற்றத்தான் கேட்டோம். அதுவும் நம்ம சென்னையில்!

வைஸ்ராய் லிட்டன் 1878இல் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார். ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டம். இன்னொன்று ஆயுதச் சட்டம். இதன்படி லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரருக்கு விதிவிலக்கு. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு 1882இல் நீக்கினார் (நம்ம ரிப்பன் மாளிகைக்கு இவர் பெயர்தான்). ஆயுதச் சட்டம் மட்டும் அசையவில்லை.

1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னை ஆயிரம் விளக்கில், மக்கீஸ் தோட்டத்தில் நடந்தது. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. 607 பிரதிநிதிகள். வங்காளத்திலிருந்து வந்த இளைஞர் பிபின் சந்திர பால், பாரபட்சமான ஆயுதச் சட்டத்தை எதிர்த்துச் சூடாகப் பேசினார். நிறைவேறிய தீர்மானத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. இந்தச் சட்டம் மக்கள் மேல் வீண் பழி சுமத்துகிறது, எல்லோரும் ஆயுதம் வைத்துக்கொள்ள வழி செய், யாருக்காவது மறுப்பதானால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்து வெளியிடு என்பதுதான் சாரம்.

இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைப் பார்த்து வரும் எனக்கு இந்தக் கடைசி வரிதான் கண்ணில் பட்டது. மறுப்பது உன் அதிகாரம், சரி. ஆனால் காரணத்தை எழுது. காரணத்தை எழுத வேண்டும் என்றாலே கை சற்றுத் தயங்கும். மனம் போனபடி மறுக்க முடியாது.

கோரிக்கை அதோடு நிற்கவில்லை. 1920இல் வந்த புதிய விதிகள் இன வேறுபாட்டை நீக்கின. அகிம்சையைப் போதித்த காந்தியே, ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிக மோசமான செயலாகக் கருதினார். 1930 ஜனவரியில் அவர் அரசின் முன் வைத்த 11 அம்சங்களில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தருவதும் ஒன்று. அதுவும் மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. (ரூபாய் மதிப்பை 1 ஷில்லிங் 4 பென்சாகக் குறைப்பதும் அதே பட்டியலில் உண்டு. பி.காம். படித்தவனுக்கு இது நினைவிருக்கும்!) 1931இல் கராச்சி காங்கிரசில் தொடங்கி, ஆகஸ்டில் அகில இந்தியக் கமிட்டி இறுதி செய்த அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் மறுத்தார். ஒவ்வொருவரும் சந்தையில் இஷ்டப்படி ஆயுதம் வாங்க உரிமை பெற்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்பது அவர் கேள்வி. திருத்தம் தோற்றது. இன்று 19ஆவது பிரிவில் ஆயுதம் என்ற சொல் இருக்கிறது. எப்படி? "ஆயுதமின்றி" அமைதியாகக் கூடும் உரிமை!

அம்பேத்கர் சொன்னது சரி என்பதே என் கட்சி. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுபவர்களை நேரில் பார்த்தவன் நான்.

ஆனால் சென்னையில் கேட்டது முழுக்க வீணாகவில்லை. 1959இல் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது, 1962இல் அமலுக்கு வந்தது. அதன் 14ஆவது பிரிவு, லைசென்ஸ் மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும், பொது நலனுக்கு ஆகாது என்று அவர் கருதினால் ஒழிய. 18ஆவது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. ஆயிரம் விளக்குப் பந்தலில் கேட்ட ஒரு வரி, 72 வருஷம் கழித்துச் சட்டத்தில் ஏறியது.

சேர்ந்து கேட்டால் இப்போதும் நடக்கும் என்பதற்கு 2019 சாட்சி. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 1983 திருத்தம். 2019 மசோதா அதை ஒன்றாகக் குறைக்கப் பார்த்தது. பரம்பரைத் துப்பாக்கி உள்ளவர்களும் துப்பாக்கி சுடும் வீரர்களும் முறையிட்டார்கள். டிசம்பரில் நிறைவேறியபோது அந்த எண் இரண்டாகியிருந்தது. அவர்கள் கேட்டது நியாயமா என்பது வேறு விஷயம். நாடாளுமன்றத்திடம் கேட்டார்கள், வெளிப்படையாகக் கேட்டார்கள்.

இதையெல்லாம் வியாபாரியிடம் சொல்லவில்லை. "சேட்ஜி, எம்.எல்.ஏ. இருக்கட்டும். காரணம் கேட்டு ஒரு மனு எழுதிப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். நம்பிக்கையில்லாமல்தான் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு தாளோடு வந்தார். உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டே வரி. துப்பாக்கி கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. (இதை அவரிடம் சொல்ல முடியுமா!) அவரோ அந்தத் தாளை நாலாக மடித்துப் பாஸ்புக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்தில் சர்க்கார் எனக்குப் பதில் எழுதியது இதுதான் முதல் தடவை, சாப்" என்றார்.

உங்களுக்கும் ஏதாவது ஆபீசில் 'முடியாது' என்று சொன்னால், சிபாரிசு தேடிப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். ஏன் முடியாது என்று எழுதிக் கேளுங்கள். அந்த உரிமையையும் நமக்கு யாரோ கேட்டுத்தான் வாங்கித் தந்திருக்கிறார்கள்.